செங்கல் சாமி

வாங்க தம்பி, வாங்க. நாற்காலியை அங்க வெயில்ல போடாதீங்க. இப்படி வேப்ப நிழலுக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்த வேம்பை வெட்டத்தானே கையெழுத்து வாங்க வந்திருக்கீங்க? அதுக்கு அடியிலேயே உக்காந்து பேசுவோம். வெயில்ல உக்காந்தா பேச்சு சுருக்குன்னு முடிஞ்சிரும், அப்புறம் எனக்குப் பொழுது போகாது.

கண்ணாடி உள்ள கிடக்கு. நீங்களே படிங்க, கேக்குறேன்.

"மேற்படி மரம் பட்டுப்போகும் தறுவாயில் உள்ளபடியாலும்..." அடேயப்பா! மேற்படி மரம்! முப்பது வருசம் பேங்குல கடன் பத்திரம் எழுதின கை, எழுத்து எப்படி நிக்குது பாருங்க. மரத்துக்கு ஜாமீன்தாரர் பேரு கேக்காத குறைதான். நாலாம் நம்பர் வீட்டுக் காரு கண்ணாடி மேல கொப்பு விழுந்ததை எழுதிட்டீங்களா? காக்கா எச்சம்? இலை கொட்டுறது? சாக்கடை அடைச்சது? எல்லாம் இருக்கா. சரிதான். இவ்வளவு குத்தம் பண்ணின மரத்தை இத்தனை நாள் வெளியில விட்டு வச்சிருந்ததே தப்பு.

கையெழுத்துப் போடுறேன் தம்பி, போடாம எங்க போகப் போறேன். மகன் கட்டின வீட்டுல போர்டிகோவுல கிடக்கிற எழுபத்தெட்டு வயசுக் கெழவன். சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து பேனாவை நீட்டுறீங்க. மறுக்கிற தெம்பு எனக்கு ஏது? ஆனா வெட்டுறதுன்னு முடிவாயிட்டா முறையா வெட்டணும்ல. அதுக்கு ரெண்டு யோசனை சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. அப்பு, உள்ள இருந்து தம்பிக்கு ஒரு சொம்புத் தண்ணி கொண்டா.

மொதல்ல ஒண்ணு. தெருவுல நிக்கிற மரம் சங்கத்து மரம் இல்ல. தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிட்டா வாள் போட்டுரலாம்னு நெனச்சீங்களா? 2021-லேயே அரசாங்கம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பசுமைக் குழுன்னு ஒண்ணு போட்டிருச்சு. கலெக்டர் தலைமை. பொது இடத்து மரத்துல கை வைக்கணும்னா அங்க போகணும். வந்து பாப்பாங்க, வேற வழி இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாத்தான் வெட்டு. வெட்டினா ஒண்ணுக்குப் பத்து கன்னு நடணும். பனையா இருந்தா இன்னும் கஷ்டம். அதே 2021-ல வேளாண்மைக்குன்னு மொத தடவையாத் தனி பட்ஜெட் போட்டாங்கல்ல, அதுலேயே சொல்லிட்டாங்க, கலெக்டரைக் கேக்காம பனையைத் தொடக்கூடாதுன்னு.

ஒண்ணுக்குப் பத்து. அதைக் கேட்டதும் உங்க முகம் தெளியுது பாருங்க. நடுறதுன்னா நம்ம ஆளுகளுக்குக் கொள்ளை ஆசை. போன வருசம் பார்க்குல நட்டோமே, ஞாபகம் இருக்கா? கன்னு ஒண்ணு, அதைப் புடிச்ச கை பதினாலு. பதினாலு பேரும் கேமராவைத்தான் பாத்தாங்க, கன்னு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு ஒருத்தனும் பாக்கலை. பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே குழிக்குள்ள வச்சிருந்துச்சு. நான்தான் சாயங்காலம் போய்த் தோண்டி எடுத்துக் கிழிச்சு விட்டேன். இரும்புக் கூண்டு வாங்கி வச்சீங்க, அதுல உபயதாரர் பேரு எழுதின தகடு கன்னை விட ஒரு முழம் உசரம். அந்தத் தகட்டு நிழல்ல வெயிலே படாமத்தான் கன்னு வெளுத்துப் போச்சு. கன்னு செத்தப்புறம் தகடு மட்டும் தளதளன்னு நிக்குது. தண்ணி ஊத்தாமலே.

கேட்டு ஓரமா வரிசையா நட்டீங்களே, பச்சைப் பசேல்னு சுவரு மாதிரி வளந்துச்சே, கோனோகார்பஸ். ஆடு கடிக்காதுன்னு பெருமையாச் சொன்னீங்க. ஆடு கடிக்காததுன்னா ஆடு யோசிச்சுத்தான் கடிக்காம விட்டிருக்கும்னு அன்னைக்கே சொன்னேன், சிரிச்சீங்க. 2025-ல தமிழ்நாடு அரசாங்கமே அதை நடக் கூடாதுன்னு தடை போட்டுருச்சு. இனி நடுறதா இருந்தா அங்க ஒரு புங்கன், இங்க ஒரு பூவரசு, மூலையில ஒரு நாவல். பூவரசம் போத்து வெட்டி ஊனினாலே வந்துரும், காசு கூட வேண்டாம். காசு வேண்டாங்கிறதாலதான் சங்கத்துல யாரும் கண்டுக்கிறதில்லைன்னு நெனைக்கிறேன்.

சீமைக்கருவேலத்தைப் பாருங்க. அதை யாரும் கேமரா வச்சு நடலை. கூண்டு இல்ல, தண்ணி இல்ல, உபயம் இல்ல. 2017-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளையே வேரோட புடுங்குன்னு உத்தரவு போட்டுச்சு. ஜட்ஜய்யா சொன்னதும் ஜேசிபி எல்லாம் கண்மாய்க்குள்ள இறங்கிச்சு. இன்னைக்கு அந்தக் கண்மாயில போய்ப் பாருங்க. கோர்ட்டுக்கே தண்ணி காட்டுற மரம் அது. நமக்கு வேண்டாத மரம் கொன்னாலும் சாகாது, வேணுங்கிற மரம் கும்பிட்டே செத்துப் போகும்.

ஆமா தம்பி, கும்பிட்டேதான். ரெண்டாவது யோசனை அதைப் பத்தித்தான். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லணும், கொஞ்சம் பொறுங்க.

எனக்கு ஊரு ஆலங்குடிப் பக்கம். அங்க ஐயனார் கோயில் காடுன்னு ஒண்ணு இருந்துச்சு. சின்னப் பயலா ஆடு மேய்க்கையில காடு பூராத் திரிவோம், அந்த எல்லைக்குள்ள மட்டும் காலைச் செருப்போட வைக்க மாட்டோம். சுள்ளி ஒடிக்க மாட்டோம். விழுந்து கிடக்கிற காஞ்ச கொப்பைக் கூட யாரும் அடுப்புக்கு எடுக்க மாட்டாங்க, அது அங்கேயே மக்கிப் போகும். ஒடிச்சா என்ன ஆகும்? ராத்திரி குதிரையில ஐயனாரு வருவாரு. குதிரைன்னா சின்னக் குதிரை இல்ல. குளமங்கலம் போயிருக்கீங்களா? முப்பதடிக்கு மேல உசரம், மாசி மகத்துக்குக் காகித மாலையா மலை மாதிரிக் குமிஞ்சிரும். அந்தச் சாமிக்குப் பேரே பெருங்காரையடி மீண்ட ஐயனார். பேருக்குள்ளேயே காரை மரம் நிக்குது. நம்ம திருக்கோகர்ணத்துல மகிழ மரம், ஆவுடையார்கோயில்ல மாணிக்கவாசகருக்குச் சாமி உபதேசம் பண்ணின குருந்த மரம். இந்தச் சீமையில மரத்துக்கடியில உக்காராத சாமி குறைவு தம்பி. மரத்துக்குச் சாமி காவலா, சாமிக்கு மரம் காவலான்னு கேட்டா எங்க அப்பத்தா சொல்லும்: "ரெண்டுக்கும் பயம்டா காவலு."

வன இலாகாவுக்கு முன்னாடியே இருந்த வன இலாகா அதுதான். சம்பளம் இல்ல, ஜீப்பு இல்ல. ஒரே ஒரு குதிரை.

அந்தக் காட்டுக்கு வெளியில என்ன ஆச்சு? பின்னால வந்து தைல மரத்தை வரிசை வரிசையா நட்டாங்க. வனத்தோட்டக் கழகம் 1974-ல வந்துச்சு. இன்னைக்கு நம்ம மாவட்டத்துல எந்த ரோட்டுல போனாலும் ஒரு பக்கம் தைலக்காடு. பச்சையாத்தான் இருக்கு, நான் இல்லைங்கலை. உள்ள போய் மத்தியானம் ஒரு துண்டை விரிச்சுப் படுத்துப் பாருங்க. நிழலு உடம்புல நிக்காது. குருவிச் சத்தம் கிடையாது. ஆடே படுக்க மாட்டேங்குது. கீழ நிலத்தடித் தண்ணியைக் குடிச்சுருச்சுன்னு ஊர் ஊரா மனு குடுத்துக்கிட்டிருக்காங்க. பேப்பருக்குக் கூழாப் போற மரம் அது. ஒருவேளை நீங்க எழுதிட்டு வந்த இந்த மனுவே அங்க நின்ன மரமா இருக்கலாம். மரத்தை வெட்டச் சொல்லி மரத்து மேலயே எழுதியிருக்கீங்க.

கஜா புயல் கதைக்கு வர்றேன். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல்னு அந்தச் சீமை பூராப் பலாவும் தென்னையும்தான். ஒரே ராத்திரியில படுத்துருச்சு. எனக்கு நாப்பது தென்னை. காலையில கொல்லைக்குப் போனேன், வானம் ரொம்பப் பெரிசா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுக்கப்புறம்தான் மகன் இங்க கூட்டிட்டு வந்தான்.

சேந்தன்குடி தங்கசாமி ஐயாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க, மரம் தங்கசாமின்னா இந்தப் பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். கடன்ல முங்கின மனுசனை மரம்தான் கரையேத்துச்சுன்னு அவரே மேடை மேடையாச் சொல்லுவாரு. கல்யாண வீட்டுக்குப் போனா கையில கன்னுதான். அவரு போய்ச் சேந்தது கஜாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. சாவு கூட நல்ல மனுசனுக்கு நாள் பாத்துத்தான் வருதுன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தக் காலைய அவரு பாக்கலை.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். இந்த டவுனுப் பக்கம் ரோட்டோரத்துல விழுந்து கிடந்த பெரிய மரம் ஒவ்வொண்ணையும் போய்ப் போய்ப் பாத்தேன். எல்லாரும் கொப்பைத் தாண்டிப் போனாங்க, நான் வேர்ப்பக்கம் போய் நின்னேன். விழுந்த மரத்துல பாதிக்கு ரோட்டுப் பக்கம் வேரே இல்ல. கத்தி வச்சு அறுத்த மாதிரி வழவழன்னு நேர்க்கோடு. சாக்கடைக்குத் தோண்டினப்ப ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, தண்ணிக் குழாய்க்கு ஒரு தடவை. ஒரு காலை வெட்டிட்டு ஒத்தைக் கால்ல நிக்க வச்சிருக்கோம். காத்து வந்து லேசாத் தொட்டுருச்சு. பழியைக் கஜா மேல போட்டோம். பாவம், அதுவும் பேசாமப் போயிருச்சு.

கஜா போட்டது பாதி, கஜா பயத்துல நாம போட்டது மீதி. நம்ம நகர்லேயே எத்தனை நின்னுச்சு! அந்த மூணு வாகை, பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு இலுப்பை, நாலு வேம்பு. 2019 தை மாசத்துல மெஷின் வாளோட ஆள் வந்தான். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு படுக்கப் போட்டான். இந்த வேம்புகிட்ட வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. "இதைக் காலையில வந்து முடிச்சுடுறேன் தாத்தா"ன்னு கயித்தைக் கட்டிட்டுப் போயிட்டான்.

இப்ப நான் சொல்றது நமக்குள்ள இருக்கணும். சத்தியமா இருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நாப்பது தென்னை போனவனுக்கு ஒரு வேம்பு என்ன பெரிசுன்னு கேப்பீங்க. போனவனுக்குத்தான் தம்பி பெரிசு. பதினோரு மணிக்கு எந்திரிச்சேன். எதிர்ல உங்க வீடு அப்பத்தான் கட்டிக்கிட்டிருந்தாங்க, தெருவுல செங்கல் அடுக்கிக் கிடந்துச்சு. அதுல ஒண்ணை எடுத்தேன். மருமக சமையக்கட்டுல இருந்து மஞ்சப்பொடி, குங்குமம். என் பழைய வேட்டிக் கரையில ஒரு துண்டைக் கிழிச்சு மஞ்சள்ல முக்கினேன். அடிமரத்துல கட்டினேன். செங்கல்லை நட்டு வச்சு மூணு பட்டை, நடுவுல பொட்டு. எலுமிச்சம்பழம் இல்ல, அதுக்குப் பதிலா மருமக ஃபிரிட்ஜுல வச்சிருந்த சாத்துக்குடி ஒண்ணு. வந்து படுத்துட்டேன். நல்ல தூக்கம்.

காலையில வாள்காரன் வந்தான். பாத்தான். செருப்பைக் கழட்டினான். கயித்தை அவுத்து எடுத்துக்கிட்டு, "இது முனி இருக்கிற மரம் போல, சொல்லியிருக்கக் கூடாதா தாத்தா"ன்னு என்னைக் கோவிச்சுக்கிட்டான். நான் "அப்படியா?"ன்னு கேட்டேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஆமா. நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுற செங்கல் முனீஸ்வரர் உங்க வீட்டுச் செங்கல்தான். லோடுல ஒரு கல்லு குறைஞ்சிருக்கும், கொத்தனாரு சொல்லியிருக்க மாட்டாரு. திருப்பிப் பாத்தா சேம்பர்காரன் அச்சு ரெண்டு எழுத்து தெரியும். மொத நாள் நான் கவனிக்கலை, வெளிச்சம் பத்தலை.

தண்ணி குடிங்க. மெதுவா.

நம்ம தந்திரம் பலிச்சுருச்சுன்னு நான் ஒரு வருசம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் சாமி வளர ஆரம்பிச்சுச்சு. மூணாம் நம்பர் வீட்டுப் புள்ளைக்கு வேலை கிடைச்சுச்சு, ஒரு வேல் வந்துச்சு. யாருக்கோ கொழந்தை பொறந்துச்சு, ஒரு மணி வந்துச்சு. அப்புறம் உண்டியல். உண்டியல் வந்தா சங்கம் வரும், சங்கம் வந்தா சிமெண்ட் வரும். நாலடி அகலத்துக்கு மேடை கட்டினீங்க. அடிமரத்தை ஒட்டி ஒரு விரக்கடை கூட இடம் விடாமக் காங்கிரீட்டு, அதுக்கு மேல கிரானைட்டு, சுத்திலும் கம்பி வேலி. மேடை உசரத்துக்கு ஒன்றரை அடி அடிமரமே உள்ள புதைஞ்சு போச்சு. ஆடித் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டு மாட்ட மரத்துல ஆணி அடிச்சீங்க. எண்ணிப் பாத்தேன், முப்பத்தேழு. கிரானைட்டுல "உபயம்"னு யார் பேரு இருக்குன்னு நான் வாயால சொல்ல மாட்டேன்.

மரத்துக்கு மூக்கு எங்க இருக்கு தம்பி? இலையிலன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பாங்க. வேருக்கும் மூச்சு வேணும். ஆணிவேர் ஆழத்துல போகும், அது வேற. தண்ணியும் சத்தும் உறிஞ்சுற சல்லிவேர் எல்லாம் மேல் மண்ணுல ரெண்டடிக்குள்ளதான் பரந்து கிடக்கும். கொப்பு எம்புட்டுத் தூரம் போயிருக்கோ அதையும் தாண்டி ஓடும். அதுக்கு மேல காங்கிரீட்டும் பேவர் பிளாக்கும் போட்டு மூடினா மழைத்தண்ணி உள்ள இறங்காது, காத்து உள்ள போகாது. புதைஞ்ச பட்டை ஈரம் தங்கி அழுகும். கழுத்து வரைக்கும் புதைச்சு வச்சுட்டு மூஞ்சிக்கு நேரா சூடம் காட்டுறீங்க. முனி என்ன, மும்மூர்த்தி இருந்தாலும் மரம் பட்டுத்தான் போகும்.

அந்தக் கார் கண்ணாடி கதையையும் இப்பவே முடிச்சுடுறேன். 2019-ல வெட்ட முடியலைங்கிற ஆத்திரத்துல, கொப்பையாவது கழிப்போம்னு ஆளை ஏத்தி மொட்டை அடிச்சீங்கல்ல? மரம் பதறிப் போய் வெட்டின எடத்தைச் சுத்திக் கொத்துக் கொத்தாத் துளிர் விட்டுச்சு. "பாத்தீங்களா தாத்தா, எப்படித் தழைஞ்சிருச்சு"ன்னு கூட நீங்க சொன்னீங்க. அது தழைஞ்சது இல்ல, பயந்து போட்ட சத்தம். அந்தத் துளிருக்கு மரத்துக்குள்ள புடிப்பே கிடையாது, மேல்பட்டையில ஒட்டிக்கிட்டு வளரும். ஆறு வருசத்துல தொடை பருமன் ஆயிரும். ஆனா ஒட்டுப் போட்ட துணி ஒட்டுதான், இழுத்தா கிழியும். கிழிஞ்சது, கண்ணாடி போச்சு. அந்தக் கொப்பை நட்டது யாரு? சங்கத்து மினிட்ஸ் புக்குல தேதியோட இருக்கும், பாருங்க.

காஞ்ச கொப்பை எடுக்கத்தான் வேணும், நான் வேண்டாம்னு சொல்லலை. எடுக்கிறதுக்கு முறை இருக்கு. மொதல்ல கொப்புக்கு அடிப்பக்கம் கால்வாசி அறுக்கணும். அப்புறம் ஒரு சாண் தள்ளி மேல இருந்து அறுத்தா கொப்பு பட்டையை உரிக்காமச் சடக்குன்னு விழும். கடைசியா மிச்ச முண்டை எடுக்கணும். கொப்பு மரத்தோட சேர்ற எடத்துல மடிப்பு மடிப்பா ஒரு கழுத்து இருக்கும், தடவிப் பாத்தாலே தெரியும். அதைத் தொடக்கூடாது. தொட்டா ஆறாது. கைக்கொழந்தைக்கு நகம் வெட்டுற மாதிரி, சதையில படாம. ஐப்பசி மழைக்கு முன்னாடி, ஆடி ஆவணியில முடிச்சுரணும். இன்னொண்ணு, மழைக்காலம் முடிஞ்சு நுனிக் கொப்பெல்லாம் தீய்ஞ்சு நின்னா உடனே செத்துப் போச்சுன்னு மனு எழுதிராதீங்க. அது வேம்புக்கு வர்ற ஒரு நோய், பெரும்பாலும் தேறிரும். மாசியில இலை கொட்டும், பங்குனியில துளுக்கும். துளுத்த பக்கம் எது, துளுக்காத பக்கம் எதுன்னு பாத்துட்டு அப்புறம் வாளை எடுத்தாப் போதும்.

பேரன் இங்கிலாந்துல இருக்கான். ஷெஃபீல்டுன்னு ஒரு ஊராம், கத்தி செய்யிறதுக்குப் பேர் போன ஊராம். கத்தி செய்யிற ஊர்ல கை சும்மா இருக்குமா? ரோடு போடுற காண்ட்ராக்ட்டுல தெரு மரம் 17,500-ஐ எடுத்துரலாம்னு எழுதிட்டாங்களாம், மொத்தமே முப்பத்தாறாயிரம்தானாம். 2016 நவம்பர்ல ஒரு நாள் காலையில அஞ்சு மணிக்குப் போலீசைக் கூட்டிட்டு வந்து, தூங்குறவங்களை எழுப்பி காரை எடுங்கன்னு சொல்லி, எட்டு மரத்தை வெட்டியிருக்காங்க. எழுபது வயசு தாண்டின ரெண்டு அம்மாமார் குறுக்கே நின்னாங்களாம். கைது! அப்பத்தா மாதிரி இருக்கிற ரெண்டு பேரைக் கைது பண்ணினதும் ஊரே திரும்பிருச்சு. 2018-ல வெட்டை நிறுத்தினாங்க. விசாரணைக் கமிட்டி போட்டு, 2023-ல நகராட்சியே பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. பேரன் சொல்லச் சொல்ல நான் நெனச்சது என்னன்னா, அந்த அம்மாமாருக்கு ஒரு செங்கல்லும் கொஞ்சம் மஞ்சப்பொடியும் அனுப்பியிருந்தா கைதே ஆகியிருக்க வேண்டாம்.

மெல்போர்ன்ல மரத்துக்கெல்லாம் இமெயில் முகவரி குடுத்தாங்களாம். கொப்பு ஒடிஞ்சிருந்தா தகவல் சொல்லுங்கன்னு குடுத்தா, ஜனங்க மரத்துக்குக் காதல் கடுதாசி எழுதிட்டாங்களாம். நம்மகிட்ட அது வேகாது. நமக்குக் கணக்குத்தான் சரி.

நீங்க பேங்கு ஆளு, உங்ககிட்ட இதைச் சொன்னா விளங்கும். எங்க பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்து நடக்குமே, வந்திருக்கீங்களா? கீரமங்கலம், வடகாடு பக்கம் கெடாக்கறி போட்டு இலை இலையா ஜனம் சாப்பிட்டுட்டு மொய் எழுதும். ஒரே பந்தல்ல லட்சக்கணக்குல எழுதுவாங்க, கோடியைத் தொட்டதும் உண்டு. பேங்கு மேனேஜரு மறந்தாலும் மொய் நோட்டு மறக்காது. அப்பன் எழுதின மொய்யை மகன் திருப்பி எழுதுவான், கூடச் சேத்துத்தான் எழுதுவான். எழுதலைன்னா கேஸ் போட மாட்டாங்க, அடுத்த தடவை இலை போடுறப்ப ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வைக்குப் பயந்தே ஊரு ஒழுங்கா இருக்கு.

அது மாதிரி நம்ம நகருக்கு ஒரு மர நோட்டுப் போடுங்க. தெருவுக்கு எத்தனை மரம், என்ன மரம், எந்த வீட்டுக்கு எந்த மரம் பொறுப்பு. வெயில் காலத்துல எந்த வீட்டுக்காரன் எத்தனை குடம் ஊத்தினான், கொட்டின இலையைக் கொளுத்தினானா இல்ல அதே மரத்தடியில மூடாக்காப் போட்டானா, எப்போ கவாத்துப் பண்ணினது, யாரு பண்ணினது, ஆணி யாரு அடிச்சது. எல்லாம் பேர் போட்டு. வருசா வருசம் சங்கக் கூட்டத்துல மைக்கு வச்சு வாசிங்க. அஞ்சாம் நம்பர் வீடு, புங்கன் ஒண்ணு, ஊத்தின தண்ணி பூஜ்யம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாசிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருங்க. அந்தாளு மறுநாள் காலையில குடத்தோட நிக்கலைன்னா என்னை வந்து கேளுங்க. 2024-ல இருந்து நம்ம டவுனு மாநகராட்சி ஆயாச்சு, வரி ஏறுமோன்னு எல்லாரும் கணக்குப் பாக்குறீங்க. அந்தக் கணக்கு நோட்டுலேயே நாலு பக்கம் இதுக்கு ஒதுக்கினாப் போதும்.

சரி, ரெண்டாவது யோசனைன்னேனே, இந்த வேம்புக்கு வருவோம். பாதிப் பக்கம் போயிருச்சு, மறைக்கலை. கிழக்குப் பக்கம் இன்னும் உசுரு இருக்கு. அந்த நிழல்லதான் நீங்க உக்காந்திருக்கீங்க. மேடையை உடைச்சு எடுத்துட்டு, சுத்தி அஞ்சடிக்கு அஞ்சடியாவது வெறும் மண்ணா விட்டு, இலையைப் போட்டு மூடாக்குப் பண்ணினா ஒருவேளை பிழைக்கும். ஒருவேளைதான். பிழைக்கலைன்னா நானே வந்து கலெக்டர் ஆபீசு வாசல்ல உங்க கூட நிக்கிறேன்.

மேடையை உடைச்சா ஜனம் விடாதுன்னா? விடாதுதான். சாமி மேல கை வச்ச செயலாளர்னு உங்களைத்தான் பேசுவாங்க. அதுக்கும் வழி இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்து, கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொல்லுங்க. ராத்திரி சொப்பனத்துல முனி வந்துச்சு, "எனக்குக் கிரானைட்டு சுடுதுடா, மண்ணு வேணும், மூச்சு முட்டுது"ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான். மிச்சத்தை ஜனம் பாத்துக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கடப்பாரையோட வந்துருவாங்க, வசூலும் ஆயிரும்.

நான் சொன்னா ஆகாது தம்பி. எனக்குச் சொப்பனம் வந்தா கெழவன் உளர்றான்னு போயிருவாங்க. பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவருக்கு வந்தாத்தான் சொப்பனத்துக்கே ஒரு மதிப்பு.

பொய்யா? அந்தச் செங்கல்லு பேச முடிஞ்சா இதைத்தானே பேசும்.

மனுவை மடிச்சு வச்சுக்கிட்டீங்களா. வச்சுக்கங்க, வச்சுக்கங்க, அந்தப் பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு, மர நோட்டுக்கு மொதப் பக்கமா ஆகட்டும். போறப்ப மேடை ஓரமாப் போகாதீங்க, கொப்பு ஒண்ணு தொங்குது, அந்தப் பக்கமாச் சுத்திப் போங்க.

என்ன தம்பி அங்க நின்னுட்டீங்க? ஏன் செருப்பைக் கழட்டுறீங்க? உங்க வீட்டுச் செங்கல்லுதானே!